ஐம்பத்துநாலு டிகிரி

கயானி,
11 பிப்ரவரி 2019

தம்பி இல்மோ,

பெட்டியைப் பிரித்ததும் லேப்டாப்பைத்தான் முதலில் வெளியே எடுத்திருப்பாய். இந்தக் கடிதம் இரண்டு நாள் பெட்டிக்குள்ளேயே கிடந்திருக்கும். உன்னை எனக்குத் தெரியாதா? மின்னஞ்சல் போட்டால் நீ பாதி படித்துவிட்டு "சரி அக்கா" என்று ஒரு வரி அனுப்புவாய். அதனால்தான் காகிதம்.

உள்ளே மூன்று சாமான். எங்கள் பட்டறையின் புது லேப்டாப் குயிக்கா, அதன் சார்ஜர், ஒரு பாட்டில் ஹில்லாப் பழ ஜாம். ஜாம் லஞ்சம் இல்லை. போன கோடையில் சதுப்பு நிலத்தில் கொசுக்கடி பட்டுப் பறித்தது, வீணாக்காதே.

போன வருஷத்துக் குயிக்கா உன் மேசையிலேயே இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார். இதில் இருப்பது புது பிராசசர். தைஸ்தோ சொல்கிறான்: "பிராசசர் ஊர்ல எல்லாருக்கும் கிடைக்கிறதுதான். அதை மூச்சு முட்டாம ஓட விடணும், அதுலதான் வித்தை." மூன்று வருஷமாக என் புருஷன் என்னோடு குடித்தனம் நடத்தவில்லை, ஒரு செப்புக் குழாயோடு நடத்துகிறான். பிராசசரின் சூட்டை வெளியே கொண்டுபோகிற குழாய் அது. எத்தனை வளைவு, எத்தனை தடிமன் என்று காபி குடிக்கும்போதும் மேசையில் விரலால் வரைந்துகொண்டே இருப்பான்.

வடக்குப் பக்கத்துத் தொழிற்பள்ளிகள் எல்லாம் சேர்ந்து லினக்ஸ் லேப்டாப் வாங்கப் போகின்றன. நாங்களும் பட்டியலில் இருக்கிறோம். பொறுப்பில் இருக்கிற அம்மாள் லேப்டாப்களைச் சோதித்து நீ எழுதும் இணையதளத்தைப் படிக்காமல் காலைக் காபியைத் தொடமாட்டாளாம், அவளே சொன்னாள். பட்டறையில் ஆறு பேரும் தைஸ்தோவும் நானும் அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அக்கா என்று பார்த்து எதையும் மெழுகாதே. உள்ளது உள்ளபடி எழுது. அதுவே எங்களுக்குப் போதும்.

ஹில்க்கா


தாம்பெரே,
9 மார்ச் 2019

அன்புள்ள அக்கா,

நேற்று தைஸ்தோ என் கட்டுரையைப் படித்துவிட்டுப் போனில் கத்தியதற்கு நான் பதில் சொல்லவில்லை. நானும் கத்தியிருந்தால் வாபஸ் வாங்க முடியாத சொல் ஏதாவது வந்திருக்கும். அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

எல்லா லேப்டாப்புக்கும் செய்வதைத்தான் குயிக்காவுக்கும் செய்தேன். ஒரே லினக்ஸ், ஒரே அமைப்பு, ஒரே அறை. லினக்ஸின் கெர்னலை முழுதாகக் கம்பைல் செய்ய எவ்வளவு நேரம் என்பது என் முக்கியச் சோதனை. பிராசசரை ஒரு நொடி ஓயவிடாத வேலை அது. போன வருஷத்துக் குயிக்கா பதினான்கு நிமிடத்தில் முடித்தது. புதியது பதினேழு. நம்ப முடியாமல் மூன்று முறை ஓட்டினேன். மூன்று முறையும் பதினேழு. புது பிராசசர் பழையதிடம் தோற்றது. இதை நான் எப்படி மாற்றி எழுத முடியும்? எண்ணுக்கு அக்கா தம்பி தெரியாது.

தைஸ்தோவைக் கோபப்படுத்தியது ஒரு வாக்கியம்தான் என்று புரிகிறது. "புதிய குயிக்காவின் குளிர்விப்பு அதன் பிராசசரைத் தாங்கவில்லை என்று தோன்றுகிறது." பிராசசர் சூடேறினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இந்தத் தொழிலில் பத்துக்கு ஒன்பது முறை அதுதான் காரணம். "தோன்றுகிறது" என்றுதான் எழுதியிருக்கிறேன்.

"மச்சான், போடறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ண உனக்குக் கை வரலையா?" என்று கேட்டான். கை வந்தது. வேண்டுமென்றேதான் செய்யவில்லை. நீங்கள் என் குடும்பம் என்று என் வாசகர்களுக்குத் தெரியும். முன்கூட்டியே பேசியிருந்தால், "அக்காவுக்காக மெழுகி எழுதினான்" என்பார்கள். பதினொரு வருஷமாக நான் சேர்த்து வைத்தது அந்த ஒரு பெயர்தான்.

லேப்டாப்பையும் சார்ஜரையும் வந்த பெட்டியிலேயே திருப்பி அனுப்புகிறேன். ஜாமுக்கு நன்றி.

இல்மோ


கயானி,
2 ஏப்ரல் 2019

இல்மோ,

பள்ளிக்கூடக்காரர்கள் நேற்று எங்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த அம்மாள் மரியாதையாகத்தான் எழுதியிருந்தாள். "உங்கள் சொந்தத் தம்பியே இப்படிச் சொல்லும்போது" என்று ஒரு வரி. ஆக, நீ சேர்த்த நல்ல பெயர் நன்றாகவே வேலை செய்கிறது.

ஒன்று கேட்கிறேன், பதில் சொல். யாருடைய லேப்டாப்பில் குறை கண்டாலும் வெளியிடுமுன் செய்தவர்களுக்கு அனுப்பி, இரண்டு நாள் தருவாய். அது உன் தளத்தின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. எங்கோ இருக்கிற முகம் தெரியாத கம்பெனிக்கு இரண்டு நாள். எனக்கு? நான் அக்கா என்பதற்காகச் சலுகை வேண்டாம் என்றுதான் சொன்னேன். அக்கா என்பதற்காக அபராதம் போடச் சொல்லவில்லை.

நீ திருப்பி அனுப்பிய லேப்டாப் இங்கே பட்டறையில் குதிரை மாதிரி ஓடுகிறது. தைஸ்தோவுக்கு அதுதான் பைத்தியம் பிடிக்க வைக்கிறது. "இங்க ஓடுது, அவன்கிட்ட ஓடலை. அப்போ எப்போ ஓடும் எப்போ ஓடாதுன்னு எனக்கே தெரியாத ஒரு பொருளைத்தான் நான் செஞ்சு வெச்சிருக்கேன்" என்கிறான். இதுவரை பதினொரு தடவை பிரித்துவிட்டான். குழாயை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறான். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வருவதில்லை.

உன்மேல் வாய் கிழியக் கத்தினானே, மனசுக்குள் அவன் உன்னைத்தான் நம்புகிறான். பள்ளியிலிருந்து உன்னோடு படித்தவன். "இல்மோ தப்பா அளக்க மாட்டான்" என்று என்னிடமே சொன்னான்.

நான் வைத்த சார்ஜரைத்தானே போட்டு ஓட்டினாய்? உன் மேசையில் கிடக்கும் வேறு எதையாவது செருகிவிடவில்லையே? தைஸ்தோ கேட்கச் சொன்னான்.

ஹில்க்கா


தாம்பெரே,
10 ஏப்ரல் 2019

அக்கா,

பெட்டியில் இருந்த சார்ஜரைத்தான் பயன்படுத்தினேன். படம்கூட எடுத்துப் போட்டிருக்கிறேன். பெட்டியில் வந்தவை எல்லாம் கட்டுரையின் முதல் படத்தில் வரிசையாக இருக்கின்றன, ஜாம் உட்பட.

நொண்டிச் சாக்கு தேடுவதை விட்டுவிட்டுக் குழாயைப் பாருங்கள்.

இல்மோ


கயானி,
20 ஜூன் 2019

இல்மோ,

பட்டறையை மூடுகிறோம். ஆறு பேருக்கும் சொல்லியாகிவிட்டது. அலமாரிகளைக் காலி செய்துகொண்டிருக்கிறேன்.

சார்ஜரைப் பற்றி இனி நான் எதுவும் கேட்க மாட்டேன். நீயும் எழுதாதே. போன் செய்யாதே. தைஸ்தோ உன் பெயரை இந்த வீட்டில் சொல்லக் கூடாது என்கிறான். நானும் அதற்கு ஒத்துக்கொண்டேன்.

ஹில்க்கா


தாம்பெரே,
14 அக்டோபர் 2023

அன்புள்ள அக்கா,

இதை நீ வேலை செய்யும் நூலகத்தின் முகவரிக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் தைஸ்தோ பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிடுவான். இதைப் படித்த பிறகு நீயும் அப்படிச் செய்யலாம். ஆனால் முதலில் படித்துவிடு.

போன மாதம் வாசாவிலிருந்து ஒரு வாசகர் தன் லேப்டாப்பை அனுப்பினார். "புதுசா வாங்கினேன், ஆமை மாதிரி ஊருது, என்னன்னு பாருங்க" என்றார். அது வேறு யாரோ செய்த லேப்டாப். பதிவுக் கோப்பைத் திறந்தேன். சோதனை ஓடும்போது லினக்ஸ் தன்பாட்டுக்கு ஒவ்வொரு நொடியும் எழுதிக்கொண்டே போகும் கோப்பு அது. அதில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது: மின்சாரம் போதவில்லை, வேகம் குறைக்கப்பட்டது. அவர் பழைய லேப்டாப்பின் சின்ன சார்ஜரைச் செருகியிருந்தார். பெரியதை மாற்றிச் செருகியதும் எல்லாம் சரியாகிவிட்டது. கால் மணி நேர வேலை.

அந்த வரியை முன்பு எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. இரண்டு நாள் நினைவை உருட்டிக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் 2019ஆம் வருஷத்துக் கோப்புகளைத் திறந்தேன்.

அக்கா, உங்கள் குயிக்காவின் பதிவில் அந்த வரி நானூற்றுப் பன்னிரண்டு முறை இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே வெப்பநிலை. மூன்று ஓட்டத்திலும் ஐம்பத்துநான்கு டிகிரிக்கு மேல் ஏறவில்லை. வேறெந்த லேப்டாப்பும் அந்தச் சோதனையில் தொண்ணூறைத் தொடும். என் அறையில் அதுவரை ஓடிய லேப்டாப்களில் அதைவிடக் குளிர்ச்சியாக ஒன்றும் ஓடியதில்லை. அதன்மேல்தான் நான் "குளிர்விப்பு தாங்கவில்லை" என்று எழுதினேன்.

கோப்பை நான் திறக்கவே இல்லை. நிமிடத்தை மட்டும் பார்த்தேன். காரணத்தை நானே கற்பித்தேன். "பத்துக்கு ஒன்பது முறை" என்று உனக்கு எழுதியது நினைவிருக்கிறது. பத்தாவது முறை உங்களுடையதாக இருந்துவிட்டது.

கட்டுரையின் முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சார்ஜரின் அடியில் பொடி எழுத்தில் 45 வாட் என்று இருக்கிறது. புதுக் குயிக்காவுக்கு வேண்டியது 90. பழைய குயிக்காவின் சார்ஜரும் என் மேசையில்தான் கிடந்தது, இரண்டுக்கும் ஒரே செருகி. படம் எடுக்குமுன் நானே மாற்றி வைத்திருக்கலாம். இத்தனை வருஷம் கழித்து உறுதியாகச் சொல்ல முடியவில்லை. என் தவறு என்றே எடுத்துக்கொள்கிறேன்.

யுவாஸ்கிலாவில் ஒரு மாணவியிடம் அதே 2019 குயிக்கா ஒன்று பழையதாகக் கிடைத்தது. நீங்கள் விற்ற சொற்பத்தில் ஒன்று. பெரிய சார்ஜரோடு அதே சோதனையை ஓட்டினேன். ஒன்பது நிமிடம் நாற்பது நொடி. முழு வேகத்தில் எழுபத்தொரு டிகிரி. மின்விசிறிச் சத்தம் கேட்க நான் காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்த வருஷம் நான் சோதித்த எதுவும் அதன் பக்கத்தில்கூட வரவில்லை.

மன்னிப்பு என்று எழுதிப் பார்த்தேன். அந்தச் சொல் இந்தக் காகிதத்தில் உட்கார மறுக்கிறது. சோதனை முடிவுத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன், எண்கள் எல்லாம் அதில் இருக்கின்றன.

இல்மோ


கயானி,
5 நவம்பர் 2023

இல்மோ,

மூன்று வாரமாக உன் கடிதம் என் கைப்பையில் இருக்கிறது. நூலகத்தில் புத்தகம் அடுக்கும்போதும் அது அங்கே இருப்பது தெரிந்துகொண்டே இருக்கிறது.

நீ மாற்றி வைக்கவில்லை. நான்தான் வைத்தேன்.

அன்று காலை அலமாரியில் இரண்டு சார்ஜர் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டும் கறுப்பு. பெரியதில் தைஸ்தோ மஞ்சள் ஒட்டுச்சீட்டு ஒட்டி "இல்மோவுக்கு" என்று எழுதியிருந்தான். பள்ளிக்கூட அம்மாள் போனில் இருந்தாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, அவளிடம் சிரித்துப் பேசிக்கொண்டே கை நீட்டி எடுத்தேன். பக்கத்தில் இருந்தது கையில் வந்தது. பெட்டியில் போட்டு ஒட்டிவிட்டேன்.

உன் கட்டுரை வந்த அன்றே தைஸ்தோ கேட்டான். "பெரிய சார்ஜர்தானே வெச்சே?" "ஆமா, பின்ன என்ன?" என்றேன். யோசிக்காமல் சொன்னேன். பொய் என்று அப்போது எனக்கே தெரியாது. நீ திருப்பி அனுப்பிய பெட்டியைப் பிரித்ததும் நான்தான். லேப்டாப்பை அவனிடம் கொடுத்தேன், சார்ஜரைக் கூடையில் போட்டேன். அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லையா, பார்க்கப் பிடிக்கவில்லையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

ஜூனில் அலமாரியைக் காலி செய்யும்போது அந்தப் பெரிய சார்ஜர் அங்கேயே இருந்தது. தூசி படிந்து, மஞ்சள் சீட்டு ஓரத்தில் சுருண்டு. "இல்மோவுக்கு." அடுத்த அறையில் தைஸ்தோ அந்த லேப்டாப்பைத் திரும்பவும் பிரித்து வைத்துக்கொண்டிருந்தான், திருப்புளிச் சத்தம் கேட்டது. நான் சீட்டைப் பிய்த்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். சார்ஜரை மற்றதோடு மற்றதாகக் கலந்துவிட்டேன். பிறகுதான் உனக்கு அந்தச் சின்னக் கடிதம் எழுதினேன்.

எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: பள்ளிகள் வேறு இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டன, இனி சொல்லி என்ன ஆகப்போகிறது. ஒரு வாரம் கழித்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஒரு மாதம் ஆனது. பிறகு அவன் உன்னை வெறுக்கப் பழகிவிட்டான், எனக்கும் அது வசதியாக இருந்தது. நீ தாங்குவாய் என்று நினைத்தேன். சின்ன வயதில் நான் உடைத்த கண்ணாடிக்கெல்லாம் அடி வாங்கியவன்தானே நீ.

ஆனால் அவன் உன்னை மட்டும் வெறுக்கவில்லை, இல்மோ. ஒரு தடவை எங்கள் மகள் கேட்டாள், "அப்பா, ஏன் இப்பல்லாம் நீங்க ஒண்ணும் செய்யறதில்லை?" என்று. "எனக்குக் கைவராத வேலைன்னு தெரிஞ்சுபோச்சு கண்ணு" என்றான். சாதாரணமாகச் சொன்னான், ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே. இப்போது பள்ளிப் பேருந்து ஓட்டுகிறான். வீட்டில் திருப்புளியைத் தொடுவதில்லை. போன குளிர்காலத்தில் தண்ணீர்க் குழாய் கசிந்ததற்குக்கூட ஆளைக் கூப்பிட்டான்.

அவனிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

ஹில்க்கா


தாம்பெரே,
19 நவம்பர் 2023

அக்கா,

மூன்று முறை எழுதிக் கிழித்தேன். கிழித்ததில் என்ன இருந்தது என்று நீயே ஊகித்துக்கொள்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட முடியவில்லை. 2021இல் தைஸ்தோவின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு உங்கள் வீட்டு வாசல் வரை வந்தேன். கையில் கேக் பெட்டி. காலிங் பெல் அடித்தேன். ஜன்னலில் அவன் முகம் தெரிந்தது, என்னைப் பார்த்தான், திரையை இழுத்துவிட்டான். அவனுக்குப் பின்னால் நீ நின்றாய். உன் நீலச் சட்டை எனக்கு நினைவிருக்கிறது. கேக்கைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பி ஓட்டினேன். அத்தனை தூரமும் "எனக்கு வேணும், எனக்கு நல்லா வேணும்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அன்றைக்கு உனக்குத் தெரிந்திருக்கிறது.

சரி. எழுதிவிட்டேன்.

இப்போது இன்னொன்று. உன் தவறின்மேல் சாய்ந்துகொண்டு நான் நிமிர முடியாது. எல்லோருக்கும் செய்வதுபோலக் கட்டுரையைப் பதிவுக் கோப்போடு முன்பே உனக்கு அனுப்பியிருந்தால், தைஸ்தோ ஒரு மணி நேரத்தில் சார்ஜரைக் கண்டுபிடித்திருப்பான். மின்சாரம் குறைந்தால் வேகத்தைக் குறை என்ற விதியை அந்த லேப்டாப்புக்குள் எழுதியவனே அவன்தான். நான் அனுப்பவில்லை. நேர்மை என்று நினைத்துக்கொண்டு செய்தேன். உள்ளே இருந்தது என்ன என்று இப்போது தெரிகிறது. ஊரார் என்னைப் பார்த்து, "சொந்த அக்காவையே விடலை பார்" என்று சொல்ல வேண்டும் என்ற ஆசை. சொன்னார்கள். நாற்பது பேருக்கு மேல் அப்படிக் கருத்து எழுதினார்கள். ஒவ்வொன்றையும் படித்துச் சந்தோஷப்பட்டேன்.

"கைவராத வேலை" என்று அவன் சொன்னது என் வாக்கியம். அதை அழியாமல் காத்தது உன் மௌனம். நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் அதை எடுக்க வேண்டும். அவனிடம் சொல், அக்கா. நான் முந்திக்கொண்டு எழுத மாட்டேன், அது உன் வாயிலிருந்து வர வேண்டியது. நான் பக்கத்தில் நிற்க வேண்டுமென்றால் வருகிறேன்.

இல்மோ


கயானி,
21 ஜனவரி 2024

இல்மோ,

சொல்லிவிட்டேன். கிறிஸ்துமஸ் தாண்டட்டும், புது வருஷம் தாண்டட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். கடைசியில் அவனே ஆரம்பித்தான். போன ஞாயிறு, மத்தியானக் காபி.

"ரெண்டு மாசமா என்னைச் சுத்திச் சுத்தி வர்றே. வாயைத் திறக்கறே, மூடறே. உடம்புக்கு ஏதாவதா? டாக்டர் என்ன சொன்னார்?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லை. சார்ஜர்" என்றேன்.

"எந்த சார்ஜர்?"

உன் தாளை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தான். மேலிருந்து கீழே, திரும்பவும் மேலிருந்து. விரலை ஒரு இடத்தில் வைத்தான்.

"எழுபத்தொண்ணா? முழு வேகத்துலயா?"

"ஆமா."

"எழுபத்தொண்ணு" என்றான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், மாட்டினான், திரும்பக் கழற்றினான். அவன் முகத்தில் அப்போது வந்ததை நான் என்னவென்று எழுத. எங்கள் மகள் பிறந்த அன்றைக்கு அப்படி ஒரு முகத்தைப் பார்த்திருக்கிறேன். அது அப்படியே இருக்கக் கூடாதா என்று இருந்தது. ஆனால் மீதியைச் சொல்லாமல் தீராதே. அலமாரி, மஞ்சள் சீட்டு, எல்லாம் சொன்னேன்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"ஜூன்ல."

"போன ஜூனா?"

"இல்லை."

"எந்த ஜூன், ஹில்க்கா?"

"பட்டறையை மூடின ஜூன்."

அவன் எழுந்து கோட்டை மாட்டினான். பனி வாரும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் எங்கள் வாசலைச் சுத்தம் செய்தான். அது முடிந்ததும் பக்கத்து வீட்டு வாசல். அதற்கும் அடுத்த வீட்டு வாசல். அந்த வீட்டுக்காரம்மா ஜன்னலைத் திறந்து "தைஸ்தோ, என்னப்பா இது, நான் ஒண்ணும் கேக்கலையே" என்று சொல்வது எனக்குக் கேட்டது.

இருட்டும் சமயம் உள்ளே வந்தான். கையுறையைக் கழற்றாமலே நின்று சொன்னான்: "அவன் பார்க்காம செஞ்சான். நீ பார்த்துட்டு இருந்தே. நான் பதினொரு தடவை பிரிச்சேன், ஹில்க்கா. அதுக்கப்புறம் எண்ணறதை விட்டுட்டேன்."

மாடியில் மகளின் பழைய அறையில் படுத்துக்கொள்கிறான். மரியாதையாகத்தான் நடந்துகொள்கிறான். உப்பை எடுத்துக் கொடு என்றால் கொடுக்கிறான். காலையில் பேருந்தை எடுக்கப் போகிறான், சாயங்காலம் வருகிறான். அவன் கத்தினால் தேவலை என்று இருக்கிறது. உன்னிடம் எப்படிக் கத்தினான் அன்றைக்கு! அதில் பாதியாவது எனக்குத் தரக்கூடாதா?

ஹில்க்கா


தாம்பெரே,
18 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

திருத்தத்தை வெளியிட்டுவிட்டேன். புதுக் கட்டுரையாகப் போடாமல் பழைய கட்டுரையின் தலையிலேயே போட்டேன், யார் எப்போது அங்கே வந்தாலும் முதலில் கண்ணில் படும்படி. சார்ஜர் மாறியிருந்ததையும், பதிவுக் கோப்பை நான் திறக்காததையும், கட்டுரையைச் செய்தவர்களுக்கு முன்பே அனுப்பாததையும் எழுதினேன். உன் பெயர் அதில் இல்லை. எப்படி மாறியது என்பது வாசகருக்குத் தேவையில்லாதது. புதுக் குயிக்காவின் குளிர்விப்பு தைஸ்தோ செய்தது என்று பெயர் போட்டு எழுதினேன்.

மூன்று கருத்துகள் வந்தன. ஒன்று, ஐந்து வருஷத்துப் பழைய பிராசசரைப் பற்றி இப்போது யாருக்குக் கவலை என்று கேட்டது. இன்னொன்று, இந்த லேப்டாப் எங்கே கிடைக்கும் என்று கேட்டது. எங்கும் கிடைக்காது என்று பதில் எழுதினேன். மூன்றாவது ஒரு விளம்பரம்.

பள்ளிகளின் பொறுப்பில் இருந்த அம்மையாருக்கும் எழுதினேன். ஓய்வு பெற்றுவிட்டாராம். "உங்கள் கடிதம் கிடைத்தது, அன்று நாங்கள் வாங்கியவை நன்றாகவே ஓடின" என்று பதில் போட்டார். அவ்வளவுதான்.

தவறு போன தூரத்துக்குத் திருத்தம் போகாது. இவ்வளவு காலம் மற்றவர்களின் திருத்தங்களை நான் எப்படிப் படித்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். படித்ததே இல்லை.

இந்த ஜூனில், யுஹன்னுஸ் கோடைப் பண்டிகைக்கு நான் கயானிக்கு வரலாமா? உன்னிடம் கேட்கவில்லை, அவனிடம் கேள். அவன் என்ன சொன்னாலும் எழுது.

இல்மோ


கயானி,
9 ஜூன் 2024

இல்மோ,

பதில் தாமதமாகிவிட்டது. அவனிடம் கேட்க எனக்கு இத்தனை நாள் ஆனது.

உன் திருத்தத்தை முதலில் காட்டினேன். நின்றுகொண்டே படித்தான். முடித்துவிட்டு, "என் பேரை மட்டும் போட்டிருக்கான். குழாயை அந்தக் கோணத்துல வளைச்சது வெய்னோ. மூணு மாசம் வளைச்சு வளைச்சு உடைச்சான். அவன் பேரையும் போடச் சொல்லு" என்றான். வெய்னோவை உனக்குத் தெரியாது, எங்கள் ஆறு பேரில் ஒருவர், கண்ணாடி போட்ட ஒல்லியான மனுஷர். இப்போது ஓலுவில் ஒரு மரக்கிடங்கில் இருக்கிறார். அவர் பெயரைப் போட்டுவிடு. போட்டபின் எனக்கு எழுது, நான் அவருக்கு அனுப்ப வேண்டும். அவருக்கு நான் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. மற்ற ஐந்து பேருக்கும்.

தைஸ்தோ இன்னும் மாடியில்தான் படுக்கிறான். இறங்கி வா என்று நான் கேட்கவில்லை. போன வாரம் சமையலறைக் கதவின் கீல் கிறீச்சென்றது. அதை அவனே கழற்றி எண்ணெய் போட்டு மாட்டினான். நான் பக்கத்து அறையில் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தேன், சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவானோ என்று.

நேற்று சாப்பிட்டு முடித்ததும் கேட்டேன். "இல்மோ யுஹன்னுஸுக்கு வரட்டுமான்னு கேட்டிருக்கான்." தட்டை எடுத்துக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் வைத்தான். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், தண்ணீர்ச் சத்தத்தில் அவன் சொன்னது சரியாகக் கேட்கவில்லை. வேண்டாம் என்றுதான் காதில் விழுந்தது. தண்ணீரை நிறுத்திவிட்டு, "என்ன சொன்னே?" என்று திரும்பவும் கேட்டேன்.

"இந்தக் கோடை வேணாம்னு சொல்லு" என்றான்.

அவன் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

அக்கா